வலது கட்டைவிரல்

துறை அலுவலகத்தில் அக்கா விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். பிஸ்கட் தூளும் தலைமுடியும் உதிர்ந்தன. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு விசையாகத் துடைத்தார். இயந்திரமோ மனுஷரோ, அழுக்கோடு விடுவது அவருக்கு ஆகாது.

தட்டச்சராக அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். கணினிகள் வந்ததும் யாரும் சொல்லாமலே அவற்றின் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. கடவுச்சொல்லை மறந்த பேராசிரியர்கள் முதலில் அவரிடம்தான் ஓடிவருவார்கள். அதனால் 'சாவியக்கா' என்று பெயர். ஆனால் யார் கடவுச்சொல்லும் அவருக்குத் தெரியாது. ஒருவர் தட்டும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். "என்கிட்டகூட சொல்லாதீங்க" என்பார். வீட்டிலோ வேறு வேலை. பக்கவாதத்தில் விழுந்த மாமியாரைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, கடைசிவரை படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டவர்.

அன்று மாலை பழைய துறைத்தலைவரின் மனைவி வந்து நின்றார். துறைத்தலைவரும் பக்கவாதத்தில் பேச்சிழந்து, உடல்நிலை காரணமாக ஓய்வு பெற்றிருந்தார்.

"நாளையோட அவர் கணக்கை மூடிடுவாங்களாமே. பாடம் நடத்தினதெல்லாம் அதுலதானே இருக்கு?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த வகுப்புப் பதிவுகளைத் துறை முழுக்கத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது. எல்லோரும் 'என்கிட்ட இருக்கு' என்றே நினைத்திருந்தார்கள். யாரிடமும் இல்லை. மாணவர்கள் ஊரெல்லாம் பரப்பிவிடுவார்கள் என்று, பார்க்க மட்டும் முடியும்படி, பதிவிறக்க முடியாதபடி பூட்டிவைத்திருந்தார் துறைத்தலைவர். அவர் கணக்கு போனால் அத்தனையும் போகும்.

கணினி மையத்தில் கேட்டார். உரியவரே திறந்தால்தான் உண்டு என்று கையை விரித்துவிட்டார்கள்.

திறக்க, வீட்டு மடிக்கணினியில் சேமித்திருந்த கடவுச்சொல் மட்டும் போதாது. அதில் செருகியிருக்கும் சின்னக் கைரேகைச் சாவியில் அவர் விரலை வைக்கவேண்டும். துறையில் பலருக்கும் அப்படி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதில் அவர் பதிந்து வைத்திருந்தது வலது கட்டைவிரல் ஒன்றைத்தான். 'இன்னொரு கையிலும் ஒரு விரல் பதிஞ்சு வைங்க சார்' என்று பதிந்த அன்றே அக்கா சொன்னார். 'ஒரு பூட்டுக்கு எத்தனை சாவிம்மா?' என்று சிரித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார் அவர். இப்போது அந்த வலது கைதான் முஷ்டியாக மடங்கிக் கிடந்தது.

அக்கா வீட்டுக்குப் போனபோது மனைவி அந்த முஷ்டியைப் பிரிக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கட்டிலில் கிடந்தவரின் முகம் வலியில் கோணியது.

"விடுங்கம்மா! இழுக்க இழுக்க இன்னும் இறுகும். முதல்ல சாரைக் கேட்டீங்களா?"

"கேக்குறதுக்கு என்ன இருக்கு? துறைக்கு வேணும்ல."

அக்கா கட்டிலருகே உட்கார்ந்தார். "சார், திறக்கட்டுமா? சரின்னா ஒரு தடவை கண்ணை மூடுங்க. வேண்டாம்னா ரெண்டு தடவை."

ரெண்டு தடவை மூடினார்.

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார். "பாத்தியா பிடிவாதத்தை? வாய் போனாலும் வீம்பு போகல."

"அவர் பொருள்மா. வேண்டாம்னா வேண்டாம்தான்" என்று அக்கா பையை எடுத்தார்.

மனைவி கணவர் பக்கம் குனிந்தார். "துறையும் வேணாம், பாடமும் வேணாம். எனக்கு உங்க குரல் வேணும். வீட்டுல எங்க பேசியிருக்கீங்க? பேசினதெல்லாம் அங்கதான்."

அவர் மனைவியையே பார்த்தார். கண்ணோரம் நனைந்தது. அக்கா வற்புறுத்தவில்லை. "காலையில வேலைக்குப் போற வழியில எட்டிப் பார்க்குறேன். சார் கை இறுக்கத்துக்கு வெந்நீர் மட்டும் வைங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலையில் துறைத்தலைவர் விழித்துக் காத்திருந்தார். அக்கா அதே கேள்வியைக் கேட்டார். ஒரே தடவை கண்ணை மூடினார். பிறகு இடது கையால் தன் வலது முஷ்டியைத் தொட்டுக் காட்டினார்.

முஷ்டியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தார் அக்கா. மணிக்கட்டை மெல்ல உள்பக்கம் மடக்கினார். விரல்கள் தாமாகத் தளர்ந்தன. ஈரத்தை ஒற்றித் துடைத்து, கட்டைவிரலைச் சாவிமேல் கொண்டுபோய் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"விரல் வைக்கிறதுக்கு எதுக்குடி திரும்புற?"

"பழக்கம்மா."

திறந்தது. பதிவுகளை இரண்டு தனித்தனி வட்டுகளில் இறக்கி, ஒன்றைப் பீரோவில் வைக்கச் சொன்னார். மனைவி முதல் பதிவை ஓடவிட்டார். "கடைசி பெஞ்சு! வெளிய போறியா, வாயை மூடுறியா?" என்று அறை அதிர்ந்தது.

"இந்த அதட்டலைத்தான் தேடிட்டிருந்தேன்" என்றார் மனைவி. கட்டிலில் இருந்தவரின் வாய் ஒருபக்கமாகக் கோணியது. சிரிப்புதான்.

அக்கா அலுவலகம் போனதும் விசைப்பலகையைத் தொடவில்லை. கைரேகைச் சாவி வைத்திருந்த ஒவ்வொருவர் மேசைக்கும் போய், "இடது கையை நீட்டுங்க" என்றார்.