வல்லூறின் பிடி

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் இடது கையை ஒரு வல்லூறு பிடித்துக்கொண்டது. ஆமாம்... கொத்தவில்லை. பிடித்துக்கொண்டது.

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் ஒரு கொய்யா மரம். அணில் தொல்லைக்காக நைலான் வலை போட்டிருந்தேன். அணிலைத் துரத்தி வந்த வல்லூறு அதில் சிக்கிவிட்டது. புறா அளவுதான் இருக்கும். சிறகு முறுக்கிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. அப்படியே விட்டால் செத்துவிடும்.

கத்தரிக்கோலோடு போய் வலையை வெட்டினேன். சிறகு விடுபட்டது. அடுத்த நொடி, உள்ளங்கையில் நான்கு ஊசிகள் இறங்கின!

ஒரே காலின் நான்கு நகங்கள். முன்னால் மூன்று, பின்னால் ஒன்று.

மனைவி ஓடிவந்து பறவையின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிடி இறுகியது. நான் கையை இழுத்தேன். இன்னும் இறுகியது. இத்தனை சின்ன உடம்பில் இப்படி ஓர் இடுக்கியா?

சத்தம் கேட்டுப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கலைச்செல்வி வந்தார். கணவர் நிலக்கரி மைன்ஸில் பர்மனெண்ட் தொழிலாளி. இவர் கல்யாணத்துக்கு முன்பு பண்ருட்டியில் அப்பாவின் கோழிக்கடையைப் பார்த்துக்கொண்டவர். வந்ததும் கொடியில் கிடந்த துண்டை எடுத்துப் பறவையின் தலையை மூடினார். படபடப்பு அடங்கியது.

"இழுக்காதீங்க சார். கோழிக் கால்ல வெள்ளையா ஒரு நரம்பு வரும்ல... அத இழுத்தா விரலு மூடிக்கும். இதுவும் அப்படித்தான் இருக்கணும். கால மடக்கிக்கினு இருக்கிற வரைக்கும் நகம் வுடாதுங்க."

சொல்லிக்கொண்டே அதன் காலைப் பிடித்து மெதுவாக நீட்டினார். நகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

மீதி வலையையும் வெட்டி, பறவையைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்தார். மஞ்சள் கண்ணால் எங்களை ஒரு முறை முறைத்துவிட்டுப் பறந்துபோய் வேப்பங்கிளையில் உட்கார்ந்தது. உட்கார்ந்து காலை மடக்கியதும் விரல்கள் தானாகக் கிளையைப் பற்றிக்கொண்டன. தூங்கினாலும் விழாது!

வலியிலும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நம் நகமும் தலைமுடியும் எந்தப் பொருளோ, அதே பொருள்தான் அந்த நகமும். நாம் வாரம் ஒரு முறை வெட்டி எறிகிறோம். அது அதை வைத்துக்கொண்டுதான் வேட்டையாடுகிறது, உறங்குகிறது, உயிர் பிழைக்கிறது.

இருந்தாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல். காப்பாற்ற வந்தவன் மேல் இவ்வளவு கோபமா என்று கலைச்செல்வியிடம் கேட்டேன்.

"கோபமெல்லாம் இல்ல சார். பயந்துகினு இருந்திச்சி. பயந்தா யாரு கைய வுடுவாங்க?"

உண்மைதான். ஆஸ்பத்திரியில் டெட்டனஸ் ஊசி போட்டபோது மனைவியின் கையை நான் எப்படிப் பிடித்திருந்தேன் என்பதை மட்டும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள்.