நட்சத்திரத்தை ஒருமுறை அணைத்து

முதலில் வந்தது வெளிச்சம்தான். இடது கண்ணின் ஓரத்தில் அடிக்கடி ஒரு மின்னல் வெட்டியது. டிசம்பர் மாதம், வில்லாபுரத்தில் எங்கள் வாசலில் சிவப்புக் காகித ஸ்டாரும் அதைச் சுற்றிச் சீரியல் பல்பும் தொங்கின. பாழாய்ப்போன பல்பு கண்ணில் அடிக்கிறதென்று கணவர் தேவராஜைத் திட்டிக்கொண்டே கேக்குக்கு மாவு சலித்தேன். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றபோதும் மின்னியது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு ஆராதனையில் போதகரின் பாதி முகத்தைக் கறுப்புத் திரை மறைத்தது.

விழித்திரை (கண்ணுக்குள் காட்சியைப் பதிக்கும் மெல்லிய படலம்) கிழிந்து பிரிந்திருப்பதாகக் கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்.

"மின்னல் மாதிரி தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு டாக்டர். ஸ்டார் லைட்டுன்னு நினைச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. "ஆபரேஷன் பண்ணிருவோம். பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாதும்மா. அப்புறமும் மின்னுச்சுன்னா உடனே வந்துரணும்."

கண்ணுக்குள் வாயுக் குமிழி (படலத்தை ஒட்டி அழுத்திப் பிடிப்பது) வைத்து அனுப்பினார்கள். வீட்டில் குப்புறவே படுத்திருக்க வேண்டும். இதே சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கழுத்து வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், பயம்தான் ஆளைத் தின்றுவிடும். கண்ணை மூடிக்கொண்டும் மின்னலைத் தேடினேன். கிறிஸ்துமஸ் என்றால் வெளிச்சம் என்று சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது ஜன்னல் திரையைக்கூட விலக்கவிடாமல் கிடந்தேன். தேவராஜ் ஸ்டாரை எரியவிடவே இல்லை.

பண்டிகைக்கு முந்தின சாயங்காலம், கட்டுப் பிரித்திருந்த இடது கண்ணில் சிவப்பாக ஏதோ பரவியது.

"ஏங்க! மின்னுதுங்க!"

வாசலிலிருந்து ஓடிவந்தார். "ஸ்டாரைப் போட்டேன்மா. கேரல் பாட்டுக்காரங்க வாராங்க, நம்ம வீடு மட்டும் இருட்டாக் கெடந்தா நல்லாவா இருக்கு?"

"அணைங்க."

அணைத்தார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டேன். இடது கண்ணில் இருட்டு. ஒரு மின்னல்கூட இல்லை.

"போடுங்க."

சிமெண்டுத் தரையில் சிவப்பு திரும்ப வந்தது. வெளியே இருந்த வெளிச்சத்தை என் கண் பார்த்திருக்கிறது. தலையணையில் முகம் புதைத்து அழுதேன். அத்தனை சந்தோஷம், அத்தனை நடுக்கம். இயேசு பிறந்த நற்செய்தியை முதலில் கேட்ட மேய்ப்பர்களும் வெளிச்சத்தைப் பார்த்து நடுங்கியவர்கள்தான். வருஷா வருஷம் பைபிளில் அந்த இடத்தை நான் வேகமாக வாசித்துக் கடந்திருக்கிறேன்.

பார்வை முழுதாகத் திரும்பவில்லை. அந்தக் கண்ணுக்கு ஜன்னல் கம்பிகள் இன்றும் வளைந்தே தெரிகின்றன. டிசம்பரில் ஸ்டார் கட்டியதும், ஒருமுறை அணைக்கச் சொல்வேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இருட்டில் மின்னுகிறதா என்று பார்த்து நிற்பேன்.

"போடவா?" என்பார்.

"கொஞ்சம் இருங்க" என்பேன்.