அண்ணனின் காருக்கு விலை ஏறிக்கொண்டிருந்தது

அண்ணன் பெர்த்துக்கு வேலைக்குப் போனபோது தன் ஸ்போர்ட்ஸ் காரை எங்கள் வீட்டுப் போர்ச்சில் விட்டுவிட்டுப் போனார். "ஒரு வருஷந்தான் லா, அப்புறம் வித்துடலாம்" என்றார். ஜெலுத்தோங்கில் எங்களுடையது வரிசை வீடு. போர்ச்சில் ஒரு கார்தான் நிற்கும். நான் என் காரைத் தெருவில் போட்டேன். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான்.

பழைய ஜப்பான் கார். இரண்டு கதவு, தரையோடு தரையாக இருக்கும். சுவிட்சைத் தட்டினால் முன்விளக்குகள் பானெட்டிலிருந்து எழும்பும். ஆனால் அதே கம்பெனியின் இன்னொரு மாடலுக்குத்தான் பேர். அதன் விலை ஒரு வீட்டு விலைக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் நின்றதை யாரும் சீண்டவில்லை. அண்ணனின் கணக்கு வேறு. "பெரிசை வாங்க முடியாதவன் இதுக்குத்தான் வந்தாகணும். பொறுத்திரு."

ஞாயிறுதோறும் போன் வரும். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டு, ஜப்பானில் இந்த மாடல் என்ன விலைக்குப் போனது, கோலாலம்பூரில் ஒருத்தன் எவ்வளவு கேட்கிறான் என்று ஆரம்பிப்பார். விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. இறங்கியிருந்தால் பயந்து விற்றிருப்பார். ஒரேயடியாக ஏறியிருந்தால் சந்தோஷமாக விற்றிருப்பார்.

பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், "அந்த இன்னொரு மாடலா இருந்தா எடுத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புக்கிட் தெங்காவில் பட்டறை வைத்திருந்த ஒரு சீனர் மட்டும் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துத் துரு தேடினார். உள்ளே உட்கார்ந்தவர் நெடுநேரம் இறங்கவில்லை. நல்ல விலைதான் சொன்னார்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "அடுத்த வருஷம் பாரு." வண்டி அவர் பேரில் இருந்தது. நானாக விற்கவும் முடியாது. அடுத்த வருஷம் விலை ஏறத்தான் செய்தது. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாகிப்போனது. அவர் சொன்னது பலித்துக்கொண்டிருக்கும்போது எதை வைத்துச் சண்டை போடுவது?

இதற்கிடையில் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனது. வாக்கரைப் பிடித்துத்தான் நடந்தார். சுவருக்கும் காருக்கும் நடுவில் இருந்த இடத்தில் வாக்கர் நேராகப் போகாது, பக்கவாட்டில் திருப்பி நகர்த்த வேண்டும். அதனால் பெரும்பாலும் வெளியே வரவே மாட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் கார்தான் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் ரொட்டிக்காரரின் ஹாரன் கேட்டு கேட் வரைக்கும் போயிருக்கிறார். திரும்பும்போது வாக்கர், சுவரோரத் தண்ணிக் குழாய்க்கும் கார்க் கதவுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. போன் வீட்டுக்குள்ளே. வெயிலில் அப்படியே நின்றிருக்கிறார். வேலை முடிந்து வந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காதான் பார்த்து, அவரைப் பிடித்துத் தன் வீட்டில் உட்கார வைத்து, எனக்குப் போன் போட்டார். நான் வேலை பார்க்கும் பாயான் லெப்பாஸ் பேக்டரியிலிருந்து ஜாமில் ஊர்ந்து வந்து சேர்ந்தேன். அம்மாவின் கால் வீங்கியிருந்தது.

"ஏம்மா, வாக்கரப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்திருந்தா வந்திருக்குமே?"

"கதவுல உரசுமேடி. ஒரு கீறல் விழுந்தாலும் வெல போயிடும்னு அவன் சொல்லியிருக்கான்ல."

அதே வார்த்தைகளை அண்ணனிடம் போனில் சொன்னேன்.

"நான் அம்மாகிட்ட விளையாட்டாத்தான் சொன்னேன்" என்றார். அம்மாவின் கால் வீங்கியிருந்ததையும் சொன்னேன். "வித்துடு" என்றார்.

"நீங்க வந்து கைரேகை வெச்சாத்தாண்ணே பேர் மாத்த முடியும்."

லீவு கிடைத்ததும் வந்தார். புக்கிட் தெங்காக்காரர் அதற்குள் இதே மாடலில் வேறொன்று வாங்கியிருந்தார். முதலில் சொன்ன விலையைவிடக் குறைத்துத்தான் சொன்னார். அண்ணன் போனை நீட்டி விளம்பரங்களைக் காட்டினார். அவர் பார்த்துவிட்டு மலாயில் பொறுமையாகச் சொன்னார்: "இதெல்லாம் விக்கிறவன் கேக்குற விலை தம்பி. வாங்குறவன் குடுக்குற விலை இல்ல."

அண்ணன் வாசலில் வாக்கரைப் பிடித்து நின்ற அம்மாவைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். பேர் மாற்றிய மறுநாள் லாரி வந்து காரை ஏற்றிப் போனது. அண்ணன் தெருமுனை வரைக்கும் அதன் பின்னாலேயே நடந்து போய்த் திரும்பினார்.

இப்போது நாங்கள் விற்ற மாடலுக்கு இன்னும் நிறையக் கேட்கிறார்கள். அண்ணனுக்கும் தெரிந்திருக்கும், ஆனால் சொல்வதில்லை. நானேதான் பேக்டரி கேண்டீனில் உட்கார்ந்து போனில் தேடிப் பார்க்கிறேன். இனிப் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். மறுநாளும் விரல் அங்கேதான் போகிறது.