டிசம்பர் மூன்றாம் தேதிப் புத்தாண்டு

பதினைந்து வயதில் ரோனா கெயர்ன்ஸ் கிளாஸ்கோவின் நடன மண்டபம் ஒன்றில் பாடப் போனபோது, அவள் அப்பா கப்பல் பட்டறையிலிருந்து நேரே வந்து காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போனார். அடுத்த வருடம் அவள் இசைத்தட்டு அமோகமாக விற்றதும், அதே அப்பா பட்டறையில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் பெருமையடித்தார். உலகம் அப்படித்தான். பிறகு பதினோரு வருடம் சனிக்கிழமைதோறும் தொலைக்காட்சியில் அவள் ராஜ்ஜியம்: பாட்டு, ஆட்டம், விருந்தாளியோடு வம்பு. புது முகங்கள் வந்ததும் அவளை ஓரங்கட்டினார்கள். கோடையில் கடற்கரைக் கொட்டகை, கிறிஸ்துமஸ் சமயத்தில் பிள்ளைகளுக்கான கூத்து, இடையில் கடைத் திறப்பு விழாக்கள். எங்கே போனாலும் பியானோவில் புருஷன் ஆர்ச்சி.

அவளுக்கு அறுபத்தோரு வயதானபோது ஆர்ச்சி நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒன்பது வருடமாக எட்டிப்பார்க்காத தொலைக்காட்சிக்காரர்கள் அப்போது பார்த்துக் கூப்பிட்டார்கள். புத்தாண்டு நிகழ்ச்சி. மணி பன்னிரண்டு அடிக்கும்வரை நாடே விஸ்கியும் கையுமாக உட்கார்ந்து பார்ப்பது. ஆனால் அதைப் படம்பிடிப்பது டிசம்பர் மூன்றாம் தேதி மத்தியானம். கூலிக்கு வந்த கூட்டம் காகிதத் தொப்பி மாட்டிக்கொண்டு பத்து, ஒன்பது, எட்டு என்று பொய்யாக எண்ணும். ஜனங்கள் நேரலை என்றே நம்பினார்கள். தொழிலில் இருப்பவர்கள் அதைப்பற்றி வெளியே மூச்சுவிடுவதில்லை.

"நான் போகல ஆர்ச்சி."

"போடி லூசு. ஒம்போது வருஷமா ஃபோனையே பாத்துட்டுக் கெடந்தவ நீ. இப்ப எனக்காக விட்டுக்குடுத்தேன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவ."

"நீ இல்லாம எவன் வாசிப்பான்?"

"எவனோ ஒருத்தன். மெதுவா வாசிக்கச் சொல்லு, உனக்கு இப்பல்லாம் மூச்சு நிக்கறதில்ல." சிரிக்கப் போய் இருமினான். "ஒரு மத்தியானந்தான? நான் எங்க போயிரப்போறேன்?"

போனாள். அவளுக்கும் போக ஆசையாகத்தான் இருந்தது. பின்னால் அவளை அரித்தது அந்த ஆசைதான்.

மணி அடிக்கும் காட்சி மூன்று தடவை சொதப்பியது. நான்காம் தடவை ரோனா வாய் நிறையச் சிரித்து, பக்கத்தில் நின்ற பாடகனைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஒப்பனையைக் கலைத்துவிட்டு வாசலுக்கு வந்தபோது காவலாளி ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தான். நாலு மணி பத்து நிமிடத்துக்கு ஆர்ச்சி போய்விட்டான். பக்கத்தில் ஒரு நர்ஸ் மட்டும் இருந்தாளாம்.

ஆர்ச்சியின் அக்கா எஃபி சால்ட்கோட்ஸிலிருந்து ஃபோனில் அழுதபடி கேட்ட முதல் கேள்வி, "கூட இருந்தியாடி?"

"இருந்தேன் அண்ணி. கையப் பிடிச்சிட்டேதான் இருந்தேன்."

"அது போதும்மா. தம்பி தனியாப் போகல."

அடக்கத்தன்று எஃபி அதையே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி ஆறுதல் பட்டுக்கொண்டாள். மறுநாளே ரோனா தயாரிப்பாளரைக் கூப்பிட்டுத் தன் பகுதியை வெட்டிவிடும்படி கெஞ்சினாள். "மணி அடிக்கிறப்போ உங்க முகந்தாம்மா முழுக்க. வெட்டினா நிகழ்ச்சியே இல்ல" என்றுவிட்டான்.

ஜனவரி இரண்டாம் தேதி காலையில் எஃபி ரயிலேறி வந்தாள். துக்க வீடு என்று வருடம் பிறந்ததிலிருந்து வேறு யாரும் ரோனாவின் படியேறியிருக்கவில்லை. அந்த ஊர் வழக்கப்படி, புது வருடத்தில் முதலில் வீட்டுக்குள் கால் வைப்பவர் ஒரு கரித்துண்டாவது கொண்டுவர வேண்டும். வெறுங்கையோடு வந்தால் அந்த வீடு விளங்காது. எஃபி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு, வேண்டுமென்றே உள்ளே வந்தாள்.

"எடுத்துப் போட்ட மண்ணு இன்னும் காயல. நாடே பாக்க எவனோ ஒருத்தன் கழுத்தக் கட்டிக்கிட்டு ஈன்னு இளிக்கிற. நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரியான கேள்வி. பதில் ரோனாவிடம் இருந்தது. 'அது நேரலை இல்ல அண்ணி, டிசம்பர் மூணாந்தேதி எடுத்தது' என்று ஒரே வரி சொன்னால் போதும், இந்தப் பழி அந்த நிமிடமே போய்விடும். ஆனால் மூன்றாம் தேதிதான் தம்பி போன நாள் என்று எஃபிக்குத் தெரியாதா?

"கூப்பிட்டாங்க அண்ணி. போனேன்" என்றாள்.

எஃபி வாசல் பக்கம் திரும்பினாள்.

"கடைசி நிமிஷத்துல அவன் கையப் பிடிச்சிட்டு இருந்தியே, அந்த ஒண்ணுக்காகத்தான் உன்ன அறையாமப் போறேன்."

படியிறங்கிப் போனவள் பிறகு அந்த வீட்டுக்கு வரவேயில்லை.