மிஞ்சியது மாமா மட்டும்

கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி இன்று மதியம் போன் செய்தார். அவர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது நான்தான். ஹார்ட் டிஸ்க் போய்விட்டதாம். பேக்கப் இருக்கிறதே என்று தெம்பாகப் போனேன்.

முதலில் எல்லாப் படங்களையும் மொத்தமாக ஒரு பெரிய பேக்கப் எடுத்திருந்தேன். அதன்பிறகு புதிதாக வந்ததும் மாறியதும் மட்டும் தினமும் சின்னதாகச் சேரும். இடம் மிச்சம்.

பெரியதைக் காணோம்.

"அது பழசுல்லா? பாதி இடத்த அதுவே அடைச்சிக்கிட்டு கெடந்துச்சு. அழிச்சிட்டேன். புதுசெல்லாம் பத்திரமா இருக்கு" என்றார்.

"அண்ணாச்சி, பசுவந்தனை கல்யாணம் அதுக்குள்ளதான் இருந்துச்சு."

அந்த ஊர்க் கல்யாணத்துக்கு ஆல்பம் இன்னும் போடவில்லை. கேட்டு வாங்கிப்போகக் கல்யாணப் பெண்ணே வந்திருந்தாள்.

அழித்ததை மீட்க முடியவில்லை. சின்ன பேக்கப்புகளில், பிறகு திருத்திய படங்கள் மட்டும் கிடைத்தன. திருத்தச் சொன்னவர் பெண்ணின் தாய்மாமா. தன் நரையைக் கறுப்பாக்கச் சொல்லியிருக்கிறார். மாமா சாப்பிடுகிறார், மாமா சிரிக்கிறார், மாமா தனியாக நிற்கிறார்.

"தாலி கட்டுத படம் ஒண்ணுகூட இல்லியாண்ணே?" என்று கேட்டாள். அண்ணாச்சி தலை நிமிரவில்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் போனவர்கள் செல்போனில் ஏதாவது எடுத்திருந்தால் அனுப்புங்கள். மாமா இல்லாத படமாக இருந்தால் ரொம்ப நல்லது.