நாற்பது பேருக்கு முன்னால் மன்னித்தவள்

ஒலக்கூர் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள் இளவரசி. வெள்ளிக்கிழமைகளில் அவள் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது. அன்றைக்கும் சாம்பார் சாதம் கிளறி இறக்குவாள், ருசி பார்க்க மட்டும் டீச்சர் ஒருவரைக் கூப்பிடுவாள். விடியற்காலையில் எழுந்து முழங்காலில் நிற்பாள், மூன்று அதிகாரம் வேதம் வாசிப்பாள். இதையெல்லாம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்தான் செய்துவந்தாள். சொன்ன ஒரே நாளில் எல்லாம் கெட்டது.

அவள் மகள் அஸ்வினி திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். ஒன்பது வயதில் அஸ்வினிக்கு வலிப்பு வந்தது. மூன்று வருடம் மாத்திரை சாப்பிட்டாள், அதோடு நின்றுவிட்டது. இப்போது அவளுக்கு இருபத்து நான்கு. சென்ற வருடம் விழுப்புரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்து, கிட்டத்தட்ட முடிவாகிற நேரம். எதிர்வீட்டுக் கலையரசி, மாப்பிள்ளையின் அக்காவிடம் பேச்சுவாக்கில் அந்தப் பழைய வலிப்பைச் சொல்லிவிட்டாள். வந்தவர்கள் திரும்பி வரவில்லை.

கலையரசியும் இளவரசி போகிற அதே சபைதான். ஞாயிறு ஆராதனையில் இருவரும் ஒரே பாயில் உட்காருகிறவர்கள். எட்டு மாதம் இளவரசி வேறு பாயில் உட்கார்ந்தாள். ஆனால் ஜெபிக்கக் கண்ணை மூடினால் கலையரசியின் முகம்தான் வந்து நின்றது. அவளை மன்னிக்க வேண்டும் என்றே வெள்ளிக்கிழமை உபவாசத்தைத் தொடங்கினாள். முதலில் வாயால்தான் மன்னித்தாள். பல வாரம் கழித்து ஒரு காலையில், கலையரசி வாசல் பெருக்குவதைப் பார்த்தபோது நெஞ்சில் எரிச்சல் இல்லை. கொஞ்சம் மல்லாட்டைக் கடலை அவித்து எடுத்துப்போய்க் கொடுத்தாள்.

"இன்னும் ஒரு கொதி வுட்டிருக்கலாம்" என்றாள் கலையரசி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் சனிக்கிழமைகளில் திண்டிவனத்தில் பெண்களுக்கான உபவாச ஜெபம் நடக்கும். அதில் சாட்சி சொல்ல ஒரு நேரம் உண்டு. கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று மைக்கில் சொல்ல வேண்டும். ஒருத்திக்குக் கால்வலி போயிருந்தது. இன்னொருத்தியின் மகனுக்கு வேலை கிடைத்திருந்தது. இளவரசியும் எழுந்தாள். மன்னித்ததைச் சொன்னால் எதை மன்னித்தோம் என்றும் சொல்ல வேண்டுமே. சொன்னாள். பேர் சொல்லவில்லை, "எதிர்வூட்டு சகோதரி" என்றாள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற மகளுக்கு வந்த வலிப்பு, சம்பந்தம் கலைந்தது, தான் பட்டினி கிடந்தது எல்லாம் வந்தது. குரல் உடைந்தது. நாற்பது பெண்கள் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. பிற்பாடு அந்த இனிப்பை நினைத்தாலே உடம்பு கூசியது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நல்ல சாட்சி சிஸ்டர். பொண்ணுக்கு இப்பவும் மாத்திரை குடுத்துக்கினு கீறீங்களா?"

"இல்ல சிஸ்டர். அது அப்பவே நின்னுபோச்சு."

"நின்னாலும் ஜாக்கிரதையா இருக்கணும். எங்க ஓர்ப்படி பொண்ணுக்கும் இப்பிடித்தான் நின்னுச்சி, மறுபடியும் வந்துட்ச்சி."

இளவரசிக்கு அப்போதுதான் உறைத்தது. கலையரசி ஒருத்தியிடம் சொன்னதை அவள் நாற்பது பேரிடம் மைக்கில் சொல்லியிருக்கிறாள்.  வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அஸ்வினி வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"கடைக்கு ஒரு ஆன்ட்டி நைட்டி பாக்க வந்தாங்க. நீ இளவரசி சிஸ்டர் பொண்ணான்னு கேட்டாங்க. ஆமான்னேன். தலைல கைய வெச்சி, வலிப்பின் ஆவியே போன்னு கண்ண மூடிக்கினு ஜெபம் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க. சூப்பர்வைசர், கூட வேல செய்ற பொண்ணுங்க, எல்லாம் பாத்துக்கினு நிக்கிறாங்க. ஆமென் சொல்ற வரைக்கும் கைய எடுக்கல."

இளவரசி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"யாரு சொன்னது? எதிர்வூட்டு அத்தையா?"

ஆமாம் என்றால் போதும், கலையரசி என்றால் யாரும் நம்புவார்கள். அந்தச் சொல் நாக்குவரை வந்துவிட்டது. அவ்வளவு பட்டினி கிடந்த நாக்கு.

"நான்தான்" என்றாள். நடந்ததைச் சொன்னாள்.

அஸ்வினி கேட்டு முடித்தாள். "அத்த ஏதோ வாய்தவறி சொன்னாங்க. நீ எழுந்து நின்னு சொல்லிக்கீற" என்று உள்ளே போனாள்.

மறுநாள் இளவரசி கலையரசி வீட்டுக்குப் போனாள். "உன்ன பத்தி கூட்டத்துல பேசிட்டேன். பேரு சொல்லல. ஆனாலும் தப்புதான்."

"கேள்விப்பட்டேன். எதிர்வூடுன்னா என் வூடு ஒண்ணுதான, பக்கத்துல இருக்கிறது மாட்டுக்கொட்டா" என்று சிரித்தாள் கலையரசி. பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "எனக்குப் புத்தி கெட்டு வாய்ல வந்துட்ச்சி. நீ சோறு தண்ணி இல்லாம கெடந்துட்டு போய் சொல்லிக்கீற. என்ன வுடு. அவகிட்ட போய் கேளு."

அஸ்வினி மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது இளவரசி பக்கத்தில் போய் நின்றாள். மற்றவர்களுக்காக மணிக்கணக்கில் ஜெபிக்கிறவளுக்கு ஒரு வாக்கியம்தான் வந்தது.

"என்ன மன்னிச்சிடும்மா."

சீப்பு நின்றது. "இப்ப வரலம்மா. வரும்போது சொல்றேன்."

"சரி."

"சொன்னா அத எங்கயும் போய் சாட்சி சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன்."

அஸ்வினி கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை அது. இளவரசி தலையைக் குனிந்துகொண்டாள்.