மூக்கனுக்குக் கட்டிய சிவப்புப் பட்டு

என் தம்பி மூக்கன் மீசை முளைக்கும் முன்பே கான் வெட்ட இறங்கியவன். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓட வழி வெட்டுவதுதான் அவன் பிழைப்பு. எந்தக் கூட்டத்திலும் கடைசியில் நிற்பான். அப்படிப்பட்டவனைக் கூலிக்கு ஆள் வைத்து வெட்டிக் கொன்றார்கள்.

"சும்மாவா வெட்டுவாங்க? என்னமோ பண்ணியிருக்கான்" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேசினார்கள். என் வீட்டு ரொட்டியைத் தின்ற வாய்கள்!

இன்ஸ்பெக்டர் அதற்கும் மேலே போனார். "பொம்பளத் தொடர்பு இருந்துச்சா அம்மா? கஞ்சா வித்தாரா?"

"பொண்டாட்டிகிட்டயே பேசப் பயப்படுவான் மாத்தயா. வாயக் கழுவிட்டு வந்து கேளுங்க."

செத்தவன் பெயர் நாறிக் கிடந்தது.

செத்த அன்றைக்குத்தான் மாரியம்மன் திருவிழாவில் அவனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். பிறந்ததிலிருந்து கிடைத்த ஒரே மரியாதை. பொண்டாட்டி பார்க்கட்டும் என்று அந்தச் சிவப்புப் பட்டைக் கழற்றாமலே வீட்டுக்கு நடந்தான். வழியில் வெட்டினார்கள்.

வெட்டியவன் கினிகத்தேனையில் பிடிபட்டான். இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார்.

"மூக்கன்ங்கிற பேரே அவனுக்குத் தெரியாது. செவப்புத் துணி கட்டினவன வெட்டச் சொன்னாங்களாம். வருசா வருசம் ஒங்க தம்பிக்கா கட்டுறது?"

"அவனுக்கு எவன் கட்டுவான்? தலைவர் சோலைமலைக்குத்தான். அன்னைக்கி விடியக்கால அவரு மருமகளுக்குப் புள்ள பொறந்து தீட்டாப் போச்சு. பூசாரி கடைசியில நின்னவனக் கூப்பிட்டுக் கட்டிட்டாரு."

"புள்ள பொறந்தது யாருக்குத் தெரியாது?"

"லயத்து வீடு பூரா தெரியும். ஊர்ல இல்லாதவனுக்குத்தான் தெரியாது."

ஊரில் இல்லாதவன் ஆண்டியப்பன். தோட்டத்து மரத்தைக் களவாக வெட்டி விற்றவன். அந்த வழக்கில் சோலைமலைதான் சாட்சி. தன்மேல் சந்தேகம் வரக்கூடாதென்று முதல் நாளே ஹட்டனுக்குப் போய், போனையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறான். பட்டு தலை மாறியது அந்த நாசமாய்ப் போனவனுக்குத் தெரியவில்லை.

அவனுக்கு விலங்கு மாட்டிய பிறகு இன்ஸ்பெக்டர் என் வாசலுக்கு வந்தார். "ஒங்க தம்பி மேல ஒரு பிழையும் இல்ல அம்மா."

"என் காதுல சொல்லி என்ன? பெரட்டுக்கு வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடிய இடத்தில் வந்து சொன்னார். கொழுந்துக் கூடையோடு நின்றவளுகள் தலை குனிந்தார்கள். ஒருத்தி மட்டும் "அக்கா..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"தள்ளிப் போடி" என்றேன்.